சாத்தனூரின் கல்மரம்

திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் வயல்களினூடே சிறிது தூரம் சென்றால், பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்த சாத்தனூர் என்னும் சிற்றூரை அடையலாம். ஊருக்கு வெளியே, ஓடையோரத்தில் வேலியிட்ட ஓரிடத்தில், நெடிய மரம் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. அதன் நீளம் 18 மீட்டருக்கும் மேல். தொலைவிலிருந்து காண்போருக்கு, நேற்றைய புயலில் வீழ்ந்த மரமோ என்னும் ஐயம் எழும். அருகில் சென்று கைவைத்துப் பார்த்தால் அது குளிர்ந்த கல். மரத்தின் வடிவம் அப்படியே இருக்க, மரம் முழுவதும் கல்லாகிவிட்டது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பேணி வருகிறது. இதன் வயது 10 முதல் 12 கோடி ஆண்டுகள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வாசக அன்பர்கள் இந்த எண்ணின்மேல் சற்று நிற்க வேண்டும். ஆபிரகாம் தம் நாட்டைவிட்டுப் புறப்பட்டு ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தைப்போல் இருபத்தையாயிரம் மடங்கு பின்னோக்கிச் சென்றாலே இம்மரம் பசுமையாய் நின்ற நாளைத் தொட முடியும்.

அந்நாளில் இப்பகுதி கடலோரமாய் இருந்தது. இன்று கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கடல், அன்று இவ்வூர்களின்மேல் அலைவீசிக் கொண்டிருந்தது. கரையில் வளர்ந்த மரம் ஆற்றுவெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலில் மூழ்கி, மணலாலும் சேற்றாலும் மூடப்பட்டது. காற்றுப் புகாத அவ்விடத்தில் அது மட்கவில்லை. மணற்சத்துக் கரைந்த நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறி ஊறி, அணு அணுவாக மரம் இருந்த இடத்தில் கல்லை நிரப்பிற்று. கடல் பின்வாங்கிய பின்னர், மழையும் ஓடைநீரும் மேல்மண்ணை அரித்து, உள்ளே கிடந்ததை வெளிக்கொணர்ந்தன.

1940-ஆம் ஆண்டில் இதனை இனங்கண்டு உலகுக்கு அறிவித்தவர் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். பிற்காலத்தில் அத்துறையின் இயக்குநராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவரே. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இம்மாவட்டத்துக் கற்கள் கடல்கடந்து புகழ்பெற்றிருந்தன. கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் இங்குச் சேகரித்த சிப்பிப் படிவங்களை ஆராய்ந்து, 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விளக்கம் எழுதினார். பின்னர் பிளான்ஃபோர்ட் என்பவர் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என வகுத்தார். நம் சிற்றூர் ஒன்றின் பெயரை எங்கோ ஒரு நாட்டு மாணவன் பாடநூலில் படிக்கிறான். அவ்வூர் வழியே பேருந்தில் செல்லும் நாமோ அதனை அறியாதிருக்கிறோம்!

கல்மரத்தைக் கண்டபின் சுற்றுப்புறத்தைக் காணும் கண்ணே மாறிவிடுகிறது. அருகிலுள்ள காரை என்னும் ஊரின் வெளியே, மழைநீர் அறுத்த களிமண் மேடுகள் வரிவரியாய் நிற்கின்றன. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டுப் படிவங்களும், விரல்போல் நீண்ட பெலம்னைட்டுப் படிவங்களும், சுறாமீனின் பற்களும் அம்மண்ணில் கிடைத்துள்ளன. கருடமங்கலத்துச் சுண்ணக்கல்லில் சிப்பிகள் நெருக்கமாய்ப் பதிந்திருக்கும். மெருகேற்றினால் பளிங்குபோல் மின்னும் அதனைத் 'திருச்சிராப்பள்ளிப் பளிங்கு' என்றே அழைத்தனர். கல்லக்குடியிலும் அரியலூரிலும் சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், அந்தப் பழங்கடலில் வாழ்ந்த பவளங்களும் சிப்பிகளும் விட்டுச்சென்ற ஓடுகளின் குவியல். நம் இல்லத்துச் சுவர்களிலும், பல ஆலயங்களின் தூண்களிலும் அக்கடலின் ஒரு துளி கலந்திருக்கிறது எனலாம்.

கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பொருளைக் காண்பதற்கும், இருந்த இடத்திலேயே இருக்கும் பொருளைக் காண்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. நகரத்து அருங்காட்சியகத்தில் கல்மரத்துண்டு ஒன்று வெறும் விந்தைப் பொருளே. சாத்தனூரிலோ மரம், அதனைப் புதைத்த மண், அம்மண்ணை அரித்த ஓடை, மேலே வானம் ஆகிய யாவும் சேர்ந்து பாடம் சொல்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரியாதவர்க்கு எழுத்துக்கூட்டித் தருவதுதான் அங்கு நிற்கும் அறிவிப்புப் பலகையின் பணி. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் இத்தகைய திறந்தவெளிக் கல்மரப் பூங்கா உண்டு. அங்குள்ள மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடையவை.

மறைக்கல்வி மாணவர் சிலருடன் சாத்தனூருக்குச் சென்றிருந்தபோது, பலகையைப் படித்து முடித்த சிறுவன் ஒருவன் கேட்டான்: "கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார் என்று படித்தோமே, ஐயா. இந்தப் பலகை பொய்யா, அந்தப் பாடம் பொய்யா?"

இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடுவதோ, அதட்டி அடக்கிவிடுவதோ பெருந்தவறு. இன்று விடை பெறாத பிள்ளை, வளர்ந்து கல்லூரிக்குச் செல்லும்போது, அறிவியலையும் விசுவாசத்தையும் ஒருங்கே வைத்துக்கொள்ள இயலாது என்று எண்ணி ஒன்றைக் கைவிடத் துணிவான். பெரும்பாலும் அவன் கைவிடுவது எது என்பதைப் பெற்றோர் அறிவர்.

திருச்சபையின் விடை புதியதன்று. புனித அகுஸ்தீனார் 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே, தொடக்கநூல் கூறும் ஆறு நாள்களை நாம் வாழும் சாதாரண நாள்களாகக் கொள்ளவேண்டியதில்லை என்று எழுதினார். உலகை உண்டாக்கியவர் யார், எதற்காக, அவர் பார்வையில் மனிதன் யார் என்பதைத் திருநூல் போதிக்கிறது. எவ்வாறு, எவ்வளவு காலத்தில் என்பதைக் கற்கள் சொல்கின்றன. இரண்டையும் எழுதிய கை ஒன்றே. ஆகவே, பலகையும் பொய்யன்று, பாடமும் பொய்யன்று என்று அச்சிறுவனுக்குக் கூறினோம்.

அவனுக்கு இன்னொருவரின் வரலாற்றையும் சொன்னோம். நீல்ஸ் ஸ்டென்சன் என்பார் 1638-இல் டென்மார்க்கின் தலைநகரில் லூத்தரன் குடும்பமொன்றில் பிறந்த மருத்துவ அறிஞர். 1666-இல் இத்தாலியின் கடலில் பிடிபட்ட பெரிய சுறா ஒன்றின் தலையைப் புளோரன்சு நகரில் அறுத்து ஆராய்ந்தார். மலைப்பாறைகளில் கிடைக்கும் 'நாக்குக் கற்கள்' வானத்திலிருந்து விழுந்தவை என்று பலர் நம்பிய காலம் அது. அவையும் சுறாவின் பற்களே எனவும், அப்பாறைகள் ஒரு காலத்தில் கடலடிச் சேறாய் இருந்தன எனவும் அவர் கண்டார். 1669-இல் வெளியிட்ட நூலில், ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த அடுக்குகளில் கீழே உள்ளதே மூத்தது என்னும் விதியை வகுத்தார். உலகெங்கும் புவியியலாளர் இன்றும் அவ்விதியைக் கையாளுகின்றனர். காரை மண்ணில் சுறாப்பல் ஒன்றைக் காண்பவர் அவரது பாடத்தையே மீண்டும் படிக்கிறார்.

அந்த ஸ்டென்சன் 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார், 1675-இல் குருவானார், 1677-இல் ஆயரானார். தமக்கென எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஏழைகளுக்கு ஈந்து, வறுமையிலேயே 1686-இல் உயிர்நீத்தார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். கல்லின் வயதை அறியும் முறைக்கு அடித்தளமிட்டவர் பலிபீடத்தில் வணங்கப்பெறும் நிலைக்கு உயர்ந்திருக்க, நம் பிள்ளைகள் அறிவியலைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

ஸ்டென்சன் கற்பித்த விதியிலிருந்து நமக்கு ஒரு கடமையும் பிறக்கிறது. கல் எந்த அடுக்கில் கிடந்தது என்பதே அதன் வயதைச் சொல்லுமாயின், அதனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவர் அதன் வாயை அடைத்துவிடுகிறார். வீட்டு அலமாரியில் வைத்த படிவம், தேதி கிழிக்கப்பட்ட கடிதம் போன்றது. ஒருவர் ஒன்று எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஆயிரம் பேர் எண்ணினால் அந்த மேடுகளில் என்ன எஞ்சும்?

இழப்பு எத்தகையது என்பதற்கு அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு சான்று. அங்குக் கிடைத்த மாபெரும் விலங்கொன்றின் எலும்புப் படிவங்களைப் பற்றி 1987-இல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. உலகில் வாழ்ந்த மிகப் பெரிய தொன்மா விலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஆயின் அவ்வெலும்புகள் உதிர்ந்து அழிந்துபோயின. இன்று எஞ்சியிருப்பவை வரைபடங்களும் சில புகைப்படங்களுமே. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண் காத்து வைத்ததை, வெளியே வந்தபின் சில ஆண்டுகள்கூட நம்மால் காக்க இயலவில்லை.

சுண்ணாம்புக்கல் வெட்டுவோரை மட்டும் குறைகூறுவது எளிது. நாம் கட்டும் வீட்டுக்கும் அந்தச் சிமெண்டே வேண்டியிருக்கிறது. அத்தொழிலால் பிழைக்கும் குடும்பங்களும் நம் பங்குகளில் உண்டு. எனினும், வெட்டுவதற்கு ஓர் எல்லையும், காப்பதற்குச் சில இடங்களும் வேண்டுமென்று கேட்க நமக்கு உரிமை உண்டு. படைப்பைப் பேணுதல் விருப்பமானால் செய்யும் நற்செயல் அன்று, கிறிஸ்தவ வாழ்வின் கடமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் நினைவூட்டினார்.

வீரமாமுனிவர் தொண்டாற்றிய ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்கு ஆண்டுதோறும் பல குடும்பங்கள் திருப்பயணம் செல்கின்றன. அது அமைந்திருப்பதும் இதே அரியலூர் மாவட்டத்தில்தான். வரும் விடுமுறையில் அன்னையைத் தரிசிக்கச் செல்வோர் அரைநாளைச் சாத்தனூருக்கென ஒதுக்கலாம். அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் கண்டு வரலாம். வெயில் ஏறுமுன் செல்வது நன்று. குடிநீர் உடன் கொண்டு செல்லுங்கள். பலகையைப் பிள்ளைகளே உரக்கப் படிக்கட்டும். மரத்தின்மேல் ஏறவோ, பெயர் செதுக்கவோ, கல் பெயர்க்கவோ அவர்களை விடாதீர்கள். அவர்கள் கேள்வி கேட்டால் மகிழுங்கள். விடை தெரியாவிடில், சேர்ந்து தேடுவோம் என்று கூறுங்கள்.

பத்துக் கோடி ஆண்டு பொறுமையாய் மண்ணுள் கிடந்து, நம் தலைமுறையில் பேசத் தொடங்கியிருக்கிறது ஒரு மரம். அதற்குச் செவிகொடுத்துவிட்டு, நம் பேரப்பிள்ளைகளுக்கும் அது பேசும்படி விட்டு வருவோம்.