திருப்பூருக்குப் போன பிள்ளையின் பெயர்



நம் வீட்டுப் பிள்ளை சவூதிக்கோ துபாய்க்கோ புறப்படுகிறான் என்றால் நம் இல்லங்களில் எத்தனை பரபரப்பு! கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்க்கிறோம். விசாவை நாலு பேரிடம் காட்டிச் சரிதானா என்று கேட்கிறோம். சம்பளம் எவ்வளவு, இருப்பிடம் யார் பொறுப்பு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். அதே பிள்ளை, "திருப்பூருக்குப் போகிறேன்" என்றால், "திருப்பூர்தானே, போய் வா" என்று கையில் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துப் பேருந்தில் ஏற்றிவிடுகிறோம். அந்தத் "தானே" என்ற சொல்லை நானும் ஒரு தாயிடம் சொன்னவன்தான். அது எவ்வளவு பெரிய பிழை என்பதைத் திருப்பூருக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் திருப்பூருக்குப் போயிருந்தார். எட்டு மாதங்கள் கழித்து அவருடைய அம்மா என்னைத் தேடி வந்தார்.

"ஹஜ்ரத், பத்து நாளா அவன் போனைச் சரியா எடுக்க மாட்டேங்கிறான். எடுத்தாலும் 'நல்லா இருக்கேம்மா'ன்னு சொல்லி வச்சுடுறான். நீங்க ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்தா என் மனசு ஆறும்" என்றார். கணவரை இழந்த பெண்மணி. மறுக்க மனம் வரவில்லை.

இரவுப் பேருந்தில் ஏறினேன். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் என்று ஊர்கள் கடந்தன. என்னோடு பயணித்தவர்களில் பாதிப்பேர் இருபதைத் தாண்டாத இளைஞர்கள். விடியற்காலையில் தாராபுரம் சாலை வழியாகப் பேருந்து திருப்பூருக்குள் நுழைந்தபோது ஊர் ஏற்கனவே விழித்திருந்தது. சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வெளியே வந்தால், சாலையின் இருமருங்கிலும் சுவர்தோறும் ஒரே அறிவிப்பு: ஆட்கள் தேவை. டெய்லர், ஓவர்லாக், செக்கிங், அயனிங், பேக்கிங், கைமடி என்று வேலைகளின் பெயர்ப்பட்டியல். வந்தவரை இந்நகரம் எந்த ஊர் என்று கேட்பதில்லை. என்ன வேலை தெரியும் என்றுதான் கேட்கிறது.

வந்தவர்களால் வளர்ந்த நகரம்

இந்நகரின் வரலாறே அப்படித்தான். 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பவர் தொடங்கிய நிறுவனமே இங்கு எழுந்த முதல் பனியன் தொழிற்கூடம் என்று குறிப்பிடுவர். அந்நாளில் பனியன் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்த நகரம் கல்கத்தா. இன்று அதே வங்க மண்ணிலிருந்து இளைஞர்கள் தொழில் தேடித் திருப்பூருக்கு வருகிறார்கள்! காலம் எப்படிச் சுழல்கிறது பாருங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று பல மாநிலத்தவரும், மதுரை, தேனி, இராமநாதபுரம் முதலிய நம் தென்மாவட்டத்தவரும் இங்கே ஒரே மேசையில் துணி மடிக்கிறார்கள். இரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில் பனியன் கடைகளுக்கு நடுவே நடந்தால் இந்தியாவின் பல மொழிகள் காதில் விழுகின்றன.

ஆனால், வேலை வற்றாத ஊர் என்று மயங்கிவிடக் கூடாது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, அத்தொழிலை நம்பியிருந்தோர் திடீரென்று வேலையிழந்தனர். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஏற்றுமதியை நம்பிய கூடங்கள் கலங்கின. கப்பலில் ஏறும் சட்டையோடு கட்டப்பட்டதுதான் இங்குள்ள கூலியும்.

லைன் வீட்டில் கண்ட காட்சி

முகவரியைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். வரிசையாகப் பத்து அறைகள். அனைத்துக்கும் பொதுவாக இரண்டு கழிப்பறைகள். இவற்றை லைன் வீடு என்கிறார்கள். ஓர் அறையில் ஐந்து பேர். கதவைத் தட்டியதும் எழுந்து வந்த என் மாணவர், வலக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கையைக் காட்டுங்க தம்பி" என்றேன்.

சுட்டுவிரலின் நுனி இல்லை.

கட்டிங் பிரிவில் உதவியாளராக இருந்திருக்கிறார். துணியைப் பல அடுக்குகளாக மேசையில் விரித்து, மின்கத்தி இயந்திரத்தால் ஒரே நேரத்தில் வெட்டும் வேலை அது. கையைக் காப்பதற்கென்று எஃகு வலைக் கையுறை உண்டு. அன்றைக்கு அவர் அதை அணியவில்லை. ஒன்றரை ஷிப்டு, அதாவது பன்னிரண்டு மணி நேர வேலையின் கடைசி மணி. கண் ஒரு கணம் அயர்ந்துவிட்டது. வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டர் இரண்டாயிரம் ரூபாயைக் கையில் திணித்தவர்தாம். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. நிறுவனத்தில் கேட்டபோது, "உன் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லையே" என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஈ.எஸ்.ஐ. இல்லையா தம்பி?"

"பிடித்தம் வேணாம், முழுச் சம்பளமும் கையில கொடுங்கன்னு நான்தான் சொன்னேன் ஹஜ்ரத். எட்டு மாசத்துல அஞ்சு கம்பெனி மாறிட்டேன். எங்கயும் எழுதிக்கல."

அவர் மிச்சப்படுத்த நினைத்த தொகை எவ்வளவு தெரியுமா? தொழிலாளியின் பங்கு, சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். மாதம் 12,000 ரூபாய் வாங்குபவருக்கு வெறும் 90 ரூபாய்! நிறுவனம் தன் பங்காக 390 ரூபாய் கட்ட வேண்டும். இந்தத் தொண்ணூறு ரூபாய்க்காக ஒரு விரலின் மருத்துவத்தையும், வேலை செய்ய முடியாத நாள்களின் ஊதியத்தையும் அவர் கைவிட்டிருந்தார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. "திருப்பூர்தானே" என்று அவருடைய தாய்க்குத் தைரியம் சொல்லி அனுப்பியவன் நான்.

விபத்தன்று அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவர், அதே அறையில் தங்கியிருந்த முர்ஷிதாபாத் இளைஞர். தமிழ் பத்துச் சொல்கூடத் தெரியாது. பத்து நாள்களாகச் சோறு பிசைந்து கையில் கொடுத்தவரும் அவரே. சொந்த ஊர்க்காரர்களான நாங்கள் அறியாத செய்தியை அந்த வங்கப் பிள்ளை சுமந்திருக்கிறார்.

பெயர் எழுதப்பட வேண்டிய இடங்கள்

வாசகர்களே! அயலூர் போகும் பிள்ளைக்கு நான் கூற விரும்புவது ஒன்றுதான்: நீ இருக்கும் ஊரில் உன் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயர் எழுதப்படாதவன் அந்த ஊரில் இருந்தும் இல்லாதவனே.

முதலாவதாக, வேலை செய்யும் இடத்தின் பதிவேடு. சேரும் நாளிலேயே ஈ.எஸ்.ஐ. எண்ணும் வருங்கால வைப்புநிதிக்கான யு.ஏ.என். எண்ணும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பீஸ் கணக்கில் தைப்பவருக்கும், காண்ட்ராக்டர் மூலம் வருபவருக்கும் ஈ.எஸ்.ஐ. உரிமை உண்டு. நோயுற்றால், உரிய நாள்கள் பங்கு செலுத்தியவருக்கு ஆண்டில் 91 நாள்கள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். வேலையில் காயம்பட்டால், இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லாமல் 90 விழுக்காடு கிடைக்கும். பதிவில் இல்லாதவரும் உரிமை கோரலாம். ஆனால் அங்கே வேலை செய்தார் என்பதற்குச் சான்று வேண்டும். சான்றில்லாமல் அலைவதன் துயரத்தை என் மாணவரோடு அலுவலகப் படிகள் ஏறி நேரில் கண்டேன்.

எனவே சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். இன்று எந்த நிறுவனம், எத்தனை ஷிப்டு, எத்தனை பீஸ், மேற்பார்வையாளர் யார் என்று இரவுதோறும் இரண்டு வரி எழுதுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது அதோடு ஒப்பிடுங்கள். பீசுக்கு இருபது காசு கூடுதல் என்று மாதந்தோறும் கம்பெனி மாறுகிறவர், கூடிய காசைவிடப் பெரியதை இழக்கிறார்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. ஆதாரிலும் வங்கியிலும் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்று ஊரிலேயே சரிபார்த்துச் செல்லுங்கள். "முஹம்மது" என்ற பெயரை நாம் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதிவைத்துப் பின்னர் படும் பாடு கொஞ்சமா? சம்பளத்தை வங்கி வழியாகப் பெறுங்கள். அதுவும் ஒரு சான்றே. காண்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்காதீர்கள். வாங்கிய கணமே விலகும் உரிமையை விற்றுவிடுகிறீர்கள். வாரவட்டிக்காரரிடமும், செல்போனில் நொடியில் கடன் தரும் செயலிகளிடமும் நெருங்கவே வேண்டாம். வட்டியின் கேட்டை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலையற்ற இரண்டு மாதங்களைத் தாங்கும் சேமிப்பு வந்த பிறகே புது செல்போனைப் பற்றி நினையுங்கள்.

மூன்றாவது, வசிக்கும் தெரு. வீட்டுக்காரரிடம் உண்மையான பெயரும் ஊர் முகவரியும் கொடுங்கள். முன்பணத்துக்கு எழுத்தில் இரசீது கேளுங்கள். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று விசாரித்த பின்பே அறை எடுங்கள். ஐந்து பேர் சேர்ந்து முறைவைத்துச் சமைத்தால் பாதிச் செலவு மிஞ்சும், உடலும் கெடாது. பஞ்சுத்தூசி பறக்கும் பிரிவானால் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். வீட்டாரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி வைத்திருங்கள். கைபேசி உடைந்தால் எண்ணும் போய்விடும்.

நான்காவது, பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அனுமதி உண்டா என்பதைச் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள். தொழுதவுடன் ஓடிவிடாமல் இமாமிடம் ஸலாம் சொல்லி, இன்ன ஊர், இன்னார் மகன் என்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நோய் வந்தால் "அந்தக் கம்பத்துப் பிள்ளையைக் காணோமே" என்று கேட்க ஒருவராவது அந்த ஊரில் இருக்க வேண்டும். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவிப் பலர் அஞ்சி ஊருக்குப் புறப்பட்டதை அறிவீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில், கேட்டுத் தெளிய ஒரு மனிதரை அறிந்திருப்பது எத்தனை பெரிய பாதுகாப்பு!

நமக்கும் ஒரு கடமை

மக்காவைத் துறந்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). வந்தவரோ அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார். உழைத்துப் பிழைக்கும் அயலூராரின் மானத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நாம் அவருடைய மானத்தை மட்டும் மேடைதோறும் புகழ்கிறோம். கதவைத் திறந்த ஸஅதை மறந்துவிடுகிறோம். திருப்பூரில் வாழும் நம் குடும்பத்தினர், பள்ளியின் கடைசி வரிசையில் தயங்கி நிற்கும் வங்கத்துப் பிள்ளையிடம் பெயர் கேட்டால் அதுவே பெரிய உபகாரம். அவர் ஊர்க் குடும்ப அட்டையைக் கொண்டு இங்குள்ள நியாயவிலைக் கடையில் தானியம் வாங்கலாம் என்ற செய்தியைச் சொன்னால் இன்னும் நல்லது.

எங்கள் ஊர் ஜமாஅத்தில் இப்போது ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். வெளியூர் வேலைக்குப் போகும் பிள்ளையின் பெயர், நிறுவனம், தங்குமிடம், உடனிருப்பவரின் எண் ஆகியவை அதில் ஏறும். ஆலை விடுதிகளுக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கோ, பெற்றோர் நேரில் சென்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

என் மாணவர் ஊர் திரும்பவில்லை. விரல் ஆறியதும் வேறொரு நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் சேர்ந்தார். போன நுனி வரப்போவதில்லை. இழப்பீடும் இன்றுவரை வரவில்லை. முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்ற வரியின் கீழ் ஒரு கோடு போட்டிருந்தார்.

பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அதோடு நின்றுவிடாமல், "உன் பெயரை எங்கே எழுதியிருக்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். அயலூரில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.