கயிறில்லாச் சிறுதேர்

சிறுவர் விளையாடும் பொருள்களுள் தேர் மிகப் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்றுருளைத் தேரை உருட்டி விளையாடிய செய்தியைப் பட்டினப்பாலையில் காணலாம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவத்திற்கே சிறுதேர்ப் பருவம் என்று பெயர். தச்சன் செய்த தேர் கிட்டாத வீட்டுப் பிள்ளைக்கு நுங்கு தின்று எறிந்த பனங்காய் இரண்டு போதும். அவற்றை ஒரு குச்சியில் கோத்துக் கவைக்கோலால் தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் ஓடி வருவான்.

இவ்வண்டிகள் அனைத்திலும் கைக்கும் வண்டிக்கும் இடையே கயிறோ கோலோ உண்டு. உருளை கல்லில் முட்டினால் அம்முட்டலைக் கை உடனே உணரும். வண்டி செல்லும் திசை நோக்கியே பிள்ளையும் செல்வதால், வண்டியின் வலப்பக்கம் எது, தன் வலப்பக்கம் எது என்னும் ஐயம் அதற்கு எழுவதே இல்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு அதனிடத்தில் வானொலி அலையைக் கட்டிய பின்னரே அவ்வையம் பிறந்தது.

அதனால் ஒரு பிற்பகல் முழுவதும் அல்லலுற்றான் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் தொடக்கத்தில், அவன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழ் எலும்பை முறித்துக்கொண்டான். மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். கூடத்தில் ஒரு கட்டிலிட்டு அவனைப் படுக்க வைத்தனர். முதல் வாரத்தில் தோழர்கள் நாள்தோறும் வந்து மாவுக்கட்டின்மேல் தத்தம் பெயரை எழுதினர். இரண்டாம் வாரத்தில் அவர்கள் வரவு குறைந்தது. பின்னர்த் தெருவாசலில் அவர்கள் கோலி ஆடும் ஓசை மட்டுமே கூடத்திற்கு வந்தது. பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர். ஆடும் கால்கள் ஆடும் இடத்தைத் தேடிப் போயின, அவ்வளவே. ஆயினும் கட்டிலில் கிடந்தவனுக்கு அவ்வோசை காலின் வலியினும் பெரிதாயிருந்தது.

அந்நிலையில் தாய்மாமன் ஒரு கார்ப்பொம்மை வாங்கி வந்தார். சாணளவுள்ள சிவப்பு நிறக் கார். அதனுடன், எல்லாரும் ரிமோட் என்று வழங்கும் இயக்குபெட்டியும் இருந்தது. காருக்கு நான்கு பாட்டரி, ரிமோட்டுக்கு இரண்டு. மாமா அவற்றை இட்டுக் காரைத் தரையில் வைத்தார். சிறுவன் பொத்தானை அழுத்தினான். கார் செங்காவித் தரையில் ‘விர்’ரென்று ஓடியது. வலப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திரும்பியது. அவன் முகம் மலர்ந்தது. ஆனால் சுவர் வரை சென்ற கார் தன்னை நோக்கித் திரும்பி வந்தபோது, அவன் வலப்பொத்தானை அழுத்த, அஃது அவனுக்கு இடப்பக்கமாக ஓடித் தண்ணீர்த் தவலையில் மோதியது. மூடி உருண்டு அடுக்களை வரை சென்றது. மறுமுறையும் அவ்வாறே நிகழ்ந்தது.

“இது கெட்டுப்போன கார். சொன்னதற்கு எதிராகப் போகிறது” என்று சொல்லி ரிமோட்டைத் தலையணைமேல் எறிந்தான்.

சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த தாத்தா இதனைக் கவனித்துக் கொண்டிருந்தார். அவர் நாற்பது ஆண்டு வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். பழுதுபார்த்து வைத்துக்கொள்ளும் வழக்கம் குறைந்து, புதிதாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் மிகுந்த காலத்தில் கடையை மூடிவிட்டார். “தம்பி, கார் சரியாகத்தான் போகிறது. நீ கட்டிலில் இருந்துகொண்டு ஓட்டுகிறாய், காருக்குள் ஏறி உட்கார்ந்து ஓட்டு” என்றார்.

“சாணளவு காருக்குள் எப்படித் தாத்தா ஏறுவது?”

தாத்தா பேத்தியை அழைத்தார். அவள் சிறுவனுக்கு மூன்றாண்டு மூத்தவள். “அம்மா, நீ சுவர் வரை நடந்து போ. இப்போது எங்களைப் பார்த்துத் திரும்பி நில். உன் வலக்கையைத் தூக்கு” என்றார். அவள் தூக்கினாள். அக்கை தம்பியின் இடப்பக்கத்தில் இருந்தது. சிறுவன் அதனையே சற்று நேரம் பார்த்திருந்தான். பின்னர் ரிமோட்டை எடுத்தான்.

அறிந்துகொள்வது நொடியில் முடிந்தது; விரல்கள் அதனைக் கற்க இரண்டு நாள் ஆயிற்று. இவ்வித்தையை விதி சொல்லி எவரும் எவருக்கும் கற்பித்துவிட முடியாது. தவலை, மேசைக்கால், தாத்தாவின் கண்ணாடிக்கூடு எனப் பல பொருள்களில் மோதிய பிறகு, மூன்றாம் நாள் கார் அவனை நோக்கி வரும்போதும் அவன் விரல் தயங்கவில்லை.

அன்று மாலை தாத்தா காரின் அடிப்பகுதித் திருகுகளைக் கழற்றினார். “புதுப் பொருளைக் கெடுக்காதீர்கள், மாமா” என்று மருமகள் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். அவர் காதில் அது விழவில்லை. உள்ளே பின்னுருளைகளைச் சுழற்ற ஒரு மோட்டாரும், முன்னுருளைகளைத் திருப்ப ஒரு மோட்டாரும், தீப்பெட்டியினும் சிறிய பச்சைத் தகடு ஒன்றும் இருந்தன. “என் கடையில் ஒரு பெட்டிக்குள் இருந்ததெல்லாம் இதற்குள் அடங்கிவிட்டது” என்று அவர் மெல்லச் சொன்னார். அக்குரலில் வியப்பும் இருந்தது; வியப்பல்லாத வேறொன்றும் இருந்தது.

இத்தகைய பொம்மைகளுட் பல 27 மெகாஹெர்ட்சு அலைவெண்ணில் இயங்குவன. அஃதாவது, ரிமோட்டிலிருந்து புறப்படும் அலை ஒரு நொடிக்கு 2 கோடியே 70 இலட்சம் முறை அதிர்கிறது. அவ்வலை துடிப்புத் துடிப்பாக விட்டுவிட்டு அனுப்பப்படும். பல பொம்மைகளில் பயன்படும் ஒருவகைச் சில்லில், 10 துடிப்பு வந்தால் முன்னே செல்க என்று பொருள்; 40 வந்தால் பின்னே; 58 வந்தால் இடப்பக்கம்; 64 வந்தால் வலப்பக்கம். கார் கண்ணில்லாதது, அது துடிப்புகளை எண்ணுவது ஒன்றையே அறியும். ஒரே அலைவெண்ணில் இயங்கும் இரு கார்கள் ஓரிடத்தில் ஓடினால் ஒருவன் ஆணைக்கு இரண்டும் பணிந்து குழப்பம் விளையும். 2.4 கிகாஹெர்ட்சில் இயங்கும் புதிய வகைகளில் ஒவ்வொரு காரும் தன் ரிமோட்டை அடையாளம் கண்டுகொள்வதால் இத்தொல்லை இல்லை.

“இதை முதலில் செய்தவர் யார், தாத்தா?” என்று சிறுவன் கேட்டான். திருகுகளை முடுக்கிக்கொண்டே தாத்தா நிக்கோலா தெஸ்லாவின் கதையைச் சொன்னார்.

1898ஆம் ஆண்டு, நியூயார்க்கு நகரில் மாடிசன் சதுக்கத் தோட்டம் என்னும் பேரரங்கில் மின்பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே தெஸ்லா ஒரு தொட்டியில் நீர் நிரப்பி, நாலடி நீளமுள்ள இரும்புப் படகு ஒன்றை மிதக்கவிட்டார். படகைத் தொடாமல், கம்பி ஒன்றும் கட்டாமல், தொலைவில் நின்றபடியே அதனைச் செலுத்தினார், திருப்பினார், அதன் விளக்குகளை ஏற்றி அணைத்தார். குரலைச் சுமந்து செல்லும் வானொலி ஒலிபரப்புப் பிறவாத காலம் அது. படகினுள் ஒரு சிறு குழலில் உலோகத்தூள் இருந்தது. அலை வந்து தாக்கியதும் அத்தூள் மின்னோட்டத்திற்கு வழிவிடும்; அடுத்த சைகையைப் பெறுவதற்கு அக்குழலைப் புரட்டித் தூளை உதிர்க்க வேண்டும். அதனையும் படகே தானாகச் செய்துகொண்டது. பார்த்தவர்களுட் சிலர் இதனை மாயம் என்றே எண்ணினர். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் தெஸ்லாவுக்கு இதற்கான காப்புரிமை வழங்கப்பட்டது. தாம் சொன்னதை நம்ப இயலாமல் காப்புரிமை அலுவலகத் தலைமை ஆய்வாளர் நியூயார்க்கிற்கே வந்து நேரிற் பார்த்த பின்னரே அது கிடைத்தது என்றும், பின்னர் அரசுக்கு இதனை அளிக்க வாஷிங்டனுக்குச் சென்றபோது அதிகாரி ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார் என்றும் தெஸ்லா பிற்காலத்தில் எழுதினார்.

“ஏன் சிரித்தார்?” என்றான் சிறுவன். “அவர் கையில் யாரும் ரிமோட்டைக் கொடுக்கவில்லை போலும்” என்றார் தாத்தா.

நீரிற் சென்றது விரைவில் நிலத்திற்கும் வந்தது. ஸ்பெயின் நாட்டுப் பொறியறிஞர் லியோனார்டோ தோரெஸ் கெவேதோ 1904ஆம் ஆண்டளவில் மூன்றுருளை வண்டி ஒன்றைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். 1955இல் ஜப்பானிய நிறுவனமான மசுதாயா, வானொலியால் இயங்கும் பேருந்துப் பொம்மையை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன்பின் இவ்வித்தை பிள்ளைகளின் உடைமையாயிற்று.

சிறுவனின் எண்ணம் இப்போது தெருவாசலில் இருந்தது. தொலைக்காட்சியின் ரிமோட் கண்ணுக்குப் புலப்படாத ஒளியால் வேலை செய்வது; இடையே சுவர் வந்தால் பயனில்லை. வானொலி அலையோ சுவரையும் கடக்கும். ஆகவே கட்டிலில் இருந்தபடியே காரை நடை வழியாக வாசலுக்கு அனுப்பலாம் அன்றோ? தடைகள் இரண்டு இருந்தன. ஒன்று நிலைப்படி. அதன் இருபுறமும் மணைப்பலகைகளைச் சாய்த்து வைத்துத் தாத்தா வழி செய்தார். மற்றொன்று பெரிது. கூடத்தைத் தாண்டியதும் கார் அவன் கண்ணுக்கு மறைந்துவிடும்.

“நான் பார்த்துச் சொல்கிறேன்” என்று அக்காள் நடையிற் போய் நின்றாள்.

முதல் முயற்சியில் அவள் “இடப்பக்கம்” என்றாள். தம்பி இடப்பக்கம் திருப்பினான். கார் மணையிலிருந்து குப்புற விழுந்தது. காரை எதிர்நோக்கி நின்றவள் தன் இடக்கைப் பக்கத்தைச் சொல்லியிருந்தாள். யாருடைய இடம் என்று இருவருக்கும் வழக்கு நடந்தது. முடிவில், யார் எங்கு நின்றாலும் காரின் இடமே இடம், காரின் வலமே வலம் என்று உடன்பாடு செய்துகொண்டனர். இதனால் தம்பி முன்பு கற்றதை அக்காள் இப்போது கற்க வேண்டியதாயிற்று. மற்றோர் இடர்ப்பாடும் தோன்றியது. அவள் “நிறுத்து” என்று சொல்லி, அவன் கேட்டு, விரல் எடுப்பதற்குள் கார் ஒரு முழம் ஓடிவிடும். எனவே கதவு வருமுன்னரே அவள் சொல்லப் பழகினாள்; அவனும் விட்டுவிட்டு அழுத்தி மெல்லச் செலுத்தப் பழகினான்.

ஐந்தாம் முறை கார் நிலைப்படி ஏறி இறங்கியது. வாசலில் அம்மா இட்ட கோலத்தை ஓர் ஓரமாக அழித்துக்கொண்டு கோலியாடுவோர் நடுவே போய் நின்றது. ஆட்டம் நின்றது, ஆரவாரம் எழுந்தது. கட்டிலில் இருந்தவன் மூச்சையடக்கிக் கேட்டான்.

“காரை யாரடா ஓட்டுகிறான்?”

“அவன்தான்! உள்ளே இருந்தே ஓட்டுகிறான்!”

எவனோ ஒருவன் காரின்மேல் ஒரு கொய்யாப்பழத்தை வைத்து, “கொண்டு போகச் சொல்” என்றான். அக்காள் “பின்னே” என்றாள். கார் உறுமியது, மணையின் சரிவில் பாதி ஏறிச் சுமை தாளாமல் நின்றுவிட்டது. மறுபடியும் முயன்றது, மறுபடியும் நின்றது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்த பிள்ளைகள், ஒருவன் காரையும் ஒருவன் பழத்தையும் தூக்கிக்கொண்டு, கூட்டமாகக் கூடத்திற்குள் நுழைந்தனர். பொழுது சாயும் வரை அவர்கள் வெளியே போகவில்லை. ரிமோட் கைமாறிக்கொண்டே இருந்தது. தவலை மூடியும் உருண்டுகொண்டே இருந்தது.

அவ்வாகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்–3 நிலவின் தென்முனைக்கு அணித்தான பகுதியில் இறங்கியதை அவ்வீட்டார் அனைவரும் கட்டிலைச் சூழ்ந்திருந்து தொலைக்காட்சியிற் கண்டனர். அதிலிருந்து இறங்கிய பிரக்யான் என்னும் ஊர்தி ஆறு உருளை உடையது. 26 கிலோகிராம் எடையுள்ளது. 27ஆம் நாள் அதன் பாதையில், 3 மீட்டர் முன்னால், 4 மீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்று தென்பட்டது. வந்த வழியே திரும்புமாறு புவியிலிருந்து ஆணை சென்றது. ஊர்தி பின்வாங்கி வேறு வழியிற் சென்றது. மறுநாள் தாத்தா இச்செய்தியைப் படித்தபோது சிறுவன் எழுந்து உட்கார்ந்தான்.

“அங்கே ‘நிறுத்து’ என்று சொல்ல யார் இருந்தார்கள், தாத்தா?”

“அதற்குக் கண் உண்டு. முன்னால் இருப்பதைப் படமெடுத்து அனுப்பும். இங்கிருப்பவர்கள் படத்தைப் பார்த்து, எவ்வளவு தொலைவு போகலாம் என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் சொல் போய்ச்சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். மறுமொழி வர அதே அளவு ஆகும். ஆகவே நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே அது நகரும். நான் இளைஞனாய் இருந்தபோது, 1970இல், உருசியர்கள் லூனகோத் என்னும் எட்டுருளை வண்டியை இவ்வாறே நிலவில் ஓட்டினார்கள். சில நொடிக்கு ஒன்றாக வரும் படங்களைப் பார்த்தே ஓட்டினார்கள்.”

“ஒரு சென்டிமீட்டரா?” என்று சிறுவன் வியந்து, தன் காரைப் பார்த்தான்.

31ஆம் நாள் மற்றொரு செய்தி வந்தது. நல்ல வழி தேடிப் பிரக்யான் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பிய காட்சியை, அதனைச் சுமந்து சென்ற தரையிறங்கு கலமே படம் பிடித்து அனுப்பியிருந்தது. அம்புலி மாமாவின் முற்றத்தில் பிள்ளை விளையாட, தாய் அன்புடன் பார்த்திருப்பது போல் உள்ளது என்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அக்காட்சியைக் குறிப்பிட்டிருந்தது. சிறுவன் அதனை இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டான். பின்னர்த் தலையணைக்கு அடியிலிருந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டு, “அக்கா, நீ போய் நடையில் நில். இன்றைக்கு மெதுவாகப் போகலாம்” என்றான்.