வளைந்த முழங்கை

மட்டக்களப்பு வாவிக்கரையில் பந்து வீசும் சிறுவர் முத்தையா முரளிதரனின் 800 ரெஸ்ற் விக்கெற்றுகளை அறிவர். அவர்தம் பாட்டனார் சின்னசாமியை அறியார். 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்த அப்பெரியவர், பின்னர் தாய்நாடு திரும்பித் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தார். கண்டியில் தங்கிப் பிஸ்கற் தொழில் நடத்திய மகன் முத்தையாவின் நான்கு புதல்வருள் மூத்தவரே 1972இல் பிறந்த முரளிதரன். முற்றாக நீட்டவியலாத முழங்கை அவர்க்குப் பிறவியமைப்பு. ஆயினும் 1995இல் மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயர், அவர் பந்தை எறிகின்றார் என ஏழு முறை நோபோல் அறிவித்தார். பிறப்பே குற்றமாதல் மலையகத்தார்க்குப் புதிதன்று; 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மண்ணிற் பிறந்தோரையும் நாடற்றோராக்கிற்று. 1977 கலவரத்தின் பின் மலைநாட்டிலிருந்து இக்கரைக்கு இடம்பெயர்ந்த என் பாட்டியார் கிறிக்கெற் அறியார். 2010இல் காலியில் 800ஆவது விக்கெற் வீழ்ந்ததை வானொலி கூறியபோது அவர் கேட்டது ஒன்றேயாம்: "எந்தத் தோட்டத்துப் புள்ள?"