நெமிலிச்சேரி வரை செல்ஃப் எடுத்தது

சித்தப்பாவின் 407-ஐ நம்பித் தாம்பரத்தைத் தாண்ட எங்கள் வீட்டில் யாரும் தயாராக இல்லை. வண்டலூரிலிருந்து திருவள்ளூருக்கு, அவர் மகளின் புதுக் குடித்தனத்துக்குக் கட்டிலும் பீரோவும் ஏற்றிப் போன அன்று துணைக்கு நான் மட்டும்தான் ஏறினேன். எனக்கு அந்த வண்டியின் உயரமான சீட் பிடிக்கும்.

டாடா 407 முதலில் சந்தைக்கு வந்தது 1986-இல். சித்தப்பாவுடையது அதற்குப் பல வருஷம் பிந்தியது என்றாலும் கம்ப்யூட்டர் நுழையாத தலைமுறை. சாவியைத் திருப்பி எடுத்தால் மட்டும் இன்ஜின் நிற்காது. டாஷ்போர்டில் ஸ்டாப் குமிழ் ஒன்று இருக்கும், அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். எடுப்பதில்தான் தகராறு. பெரும்பாலும் சாவியைத் தொட்டவுடன் எடுக்கும். எப்போதாவது ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. அரை மணி கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுத்துக்கொள்ளும்.

ஒரேயடியாகப் படுத்துவிடும் வண்டியைச் சரிசெய்வது சுலபம். வந்து வந்து போகிற பழுதுதான் காசைத் தின்னும். மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால் ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் என்ன செய்வார்? எதையாவது மாற்றுவார். முதலில் பேட்டரி போனது. பிறகு செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டு எல்லாம் புதிதாகப் போட்டார்கள். பிறகு சாவி சுவிட்ச். ஒவ்வொரு தடவையும் சில வாரம் சும்மா இருக்கும், சித்தப்பாவும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார், மறுபடி ‘டக்’.

வெளிவட்டச் சாலையில் அன்று வண்டி பிரமாதமாக ஓடியது. வண்டலூர் – நெமிலிச்சேரி பகுதி திறந்தது 2014-இல். நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரையிலான மிச்சம் 2021-இல்தான் வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் லாரிக்காரர்களுக்கு இந்தச் சாலை நெமிலிச்சேரியோடு முடிந்துபோகும். இறங்கி, சி.டி.எச். ரோடு எனப்படும் சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலையில் கலந்து, ஆவடிப் பக்கமோ திருவள்ளூர் பக்கமோ திரும்ப வேண்டியதுதான். நாங்களும் அங்கேதான் இறங்கினோம். நசரத்பேட்டையைத் தாண்டியதிலிருந்தே பீரோ ஆடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு ஒரு டீ குடிக்கலாம் என்று சித்தப்பா ஓரம் கட்டினார், குமிழை இழுத்தார்.

டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், டக்.

ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. ஹாரன் காதைப் பிளந்தது. “பேட்டரி நல்லாத்தாம்மா இருக்கு” என்று என்னிடம் நியாயம் கேட்பதுபோல் சொன்னார். தாம்பரத்தில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டு நெமிலிச்சேரியில் நிற்பதாகச் சொன்னால், “பக்கத்துலதான், பத்து நிமிஷத்துல வரேன்” என்கிறார். குரோம்பேட்டைப் பக்கமும் ஒரு நெமிலிச்சேரி இருப்பது அப்புறம்தான் உறைத்தது. பட்டாபிராமுக்கு அடுத்தது என்று விளக்கியதும் போனை வைத்துவிட்டார்.

ரோட்டோரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை இருந்தது. சித்தப்பா ஓடிப்போய், “சாவியைத் தொடாம வெச்சிருக்கேன், சீக்கிரம் வாங்க” என்று கூப்பிட்டார். எத்தனையோ ஷெட்டில் செய்துகாட்ட மறுத்த வித்தையை வண்டி முதல்முறையாக ஆள் இருக்கும் இடத்தில் செய்துகொண்டிருந்தது. அங்கே நின்றுபோனதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கட்டில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் யாரும் தரையில் படுத்துச் செத்துவிடப் போவதில்லை.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் மல்டிமீட்டரும் ஒரு ஸ்பேனரும் மட்டும். சித்தப்பா மாற்றிய சாமான்களின் பட்டியலை ஒப்பித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குனிந்து செல்ஃபின் மேல் இருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தார். “லூகாஸ். நம்ம பாடியில செஞ்சது. இதே ரோடுதான் சார்.”

அவர் சொன்னது நிஜம். சி.டி.எச். ரோடு தொடங்குவதே பாடியில். செல்ஃபும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். அங்கே 1961-இல் தொடங்கியது. பிரேக் செய்யும் சுந்தரம் கிளேட்டனும் அதையொட்டித்தான் வந்தது. கொஞ்சம் மேற்கே அம்பத்தூரில் 1949-லேயே சைக்கிள் தொழிற்சாலை. அதையும் தாண்டினால் ஆவடி; 1965-இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த ஊர். தென்னிந்தியாவில் சக்கரம் வைத்து ஓடும் எதற்காவது உதிரி பாகம் வேண்டுமென்றால் இந்த ஒரு ரோட்டில் நடந்தாலே பாதிக்குமேல் கிடைத்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. பட்டாபிராமில் டைடல் பார்க் எழும்பிய பிறகும் நெமிலிச்சேரி ஓரத்தில் ஸ்பேனர் சத்தம் குறையவில்லை.

செல்ஃபுக்கு முந்திய காலத்து டிரைவர்கள் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினார்கள். கிளீனர் பையனுக்கு அதுவே முதல் பாடம். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃபுடன் 1912-இல் காடிலாக் கார் வந்த பிறகுதான் அந்த வேதனை மெல்ல மெல்ல ஒழிந்தது. லாரிகளுக்கு அது வந்துசேர இன்னும் நாளானது. அதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்தது இந்த ‘டக்’.

எலக்ட்ரீஷியன் எதையும் கழற்றவில்லை. பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்து, “இப்ப சாவியைத் திருப்புங்க” என்றார். டக். மீட்டர் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. அவர் முகம் மாறியது. செல்ஃப் உண்மையிலேயே இழுத்திருந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் போயிருக்கும், பேட்டரி வோல்ட் சரிந்திருக்கும். சரியவில்லை என்றால் பேட்டரியும் குற்றவாளியில்லை, கரண்ட் செல்ஃபைச் சுற்றி வரவும் இல்லை. வழியில் எங்கோ அடைப்பு.

அடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் மேலும் வைத்தார். இரண்டும் எர்த், சாவி திருப்பும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து காட்டியது. மைனஸிலிருந்து சேஸிஸுக்கு வைத்தார், ஒன்றுமில்லை. சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு, அந்த ஐந்தும் அங்கேதான் இருந்தது.

பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், விரல் மட்டும் காற்றில் கோடு போட்டது. பக்கத்து ஊரான திருநின்றவூரில்தான் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். இவர் எங்கள் வண்டியின் ஒயரிங் முழுவதையும் அப்படித்தான் கட்டிப் பார்த்தார் போலிருக்கிறது.

“ஸ்டாப் கேபிள் மாத்தினீங்களா?” என்றார் திடீரென்று.

சித்தப்பா திகைத்துப்போனார். மாற்றியிருந்தார். உறை உருகி இறுகிப்போனதால் மாற்றியது. அதற்கும் செல்ஃபுக்கும் என்ன உறவு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அன்று அவர் காட்டியதிலேயே மிகவும் பிடித்தது இதுதான். இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். ரப்பரில் கரண்ட் போகாது. அதற்காகத்தான் இன்ஜினையும் சேஸிஸையும் இணைத்து ஒரு செம்புப் பின்னல் பட்டை இருக்கும். அது சரியில்லாவிட்டால் செல்ஃபின் கரண்ட் வேறு இரும்பு வழி தேடும். டாஷ்போர்டிலிருந்து இன்ஜின் பம்புக்குப் போகும் ஸ்டாப் கேபிளுக்குள் எஃகுக் கம்பி இருக்கிறதே! அதன் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் புகுந்தால் உறை உருகாமல் என்ன செய்யும்? ஹெட்லைட் எங்களையெல்லாம் ஏமாற்றியதற்கும் இதுவே காரணம். அதன் எர்த் சேஸிஸிலேயே முடிந்துவிடுகிறது, இன்ஜின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சொலினாய்டை இழுக்கச் சொற்ப ஆம்பியர் போதும், அது கிடைத்தது, ‘டக்’ கேட்டது. மோட்டாரைச் சுற்றும் அளவுக்குத்தான் கிடைக்கவில்லை.

ஒரு ஜம்பர் கேபிளைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் போல்ட்டுக்குப் போட்டு, “அடிங்க” என்றார். முதல் சுற்றிலேயே எடுத்தது. டீக்கடைக்காரர் கை தட்டினார்.

மற்றதெல்லாம் கைவேலை. பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றினார். ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது. வண்டிக்கு அடியில் படுத்துப் பட்டையை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. சேஸிஸ் பக்கத்து ஓட்டையைச் சுற்றித்தான் வினை, கறுப்புப் பெயின்ட். எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும், அதற்காகப் பெயின்ட் அடித்த இடத்தில் பட்டையைக் கழற்றி, ஓட்டைக்கும் சேர்த்து அடித்து, பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். எங்கோ ஒரு கீறலில் மட்டும் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டி ஆடினால் தொடும், சூட்டில் விலகும், துரு சேரும். உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, பல்லு வாஷர் போட்டு, புதுப் பட்டையைப் பூட்டி, அதற்கப்புறம்தான் மேலே கிரீஸ் தடவினார். மறுபடி மீட்டரை வைத்துக் காட்டினார். கால் வோல்ட்கூட இல்லை.

பேட்டரி விலையை மனதில் வைத்து சித்தப்பா பர்ஸை எடுத்தார். பட்டைக்கும் கூலிக்குமாகச் சேர்த்து அவர் கேட்டது, நாங்கள் காலையில் டீசல் போட்டதில் சின்னப் பங்கு. சித்தப்பா பேரம் பேசவில்லை; வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம்.

திருநின்றவூர் தாண்டியதும் ஓரம் கட்டினார். குமிழை இழுத்து நிறுத்தினார், சாவியைத் திருப்பினார், எடுத்தது. இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி. அதற்கப்புறம் புளியமரம் கண்ட இடமெல்லாம் நிறுத்தத் தொடங்கினார். பின்னால் வந்த பஸ் திட்டிவிட்டுப் போனது. என் போனில் அவர் மகள் கூப்பிட்டாள்.

“எங்கக்கா இருக்கீங்க? வண்டி நின்னுடுச்சா?”

போனை வாங்கிக்கொண்டு சித்தப்பா சொன்னார்: “நிக்கலம்மா. நான்தான் நிறுத்தி நிறுத்தி ஓட்டிட்டு வரேன்.”