எஞ்சியவர் சுமக்கும் சுமை

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்ட நிகழ்ச்சியை ஆண்டவர் நினைவுபடுத்துகிறார். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெருங் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே விடையும் பகர்கிறார். இறந்தோர்மீது பழி சுமத்தும் நம் வழக்கத்தை அவ்விடை கண்டிக்கிறது. ஆயினும், அக்கோபுரத்தடியில் தப்பிப் பிழைத்தவன் ஒருவன் இருந்திருந்தால், அவன் நிலை என்ன? 'அவர்களை அங்கே அழைத்துச் சென்றவன் நான்தானே' என்று தன் நெஞ்சோடு வழக்காடுபவனுக்கு நாம் என்ன சொல்வோம்? கால்பந்து உலகில் பெரும்புகழ் பெற்ற மேட் பஸ்பியின் வாழ்வை எண்ணும்போதெல்லாம் இக்கேள்வியே நம்முன் எழுகிறது.

ஸ்காட்லாந்தில் பெல்ஸ்ஹில் அருகே ஆர்பிஸ்டன் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில், 1909ஆம் ஆண்டு, ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பஸ்பி பிறந்தார். சுரங்கத் தொழிலாளியான தந்தை, முதல் உலகப் போரில் 1917இல் அராஸ் போர்முனையில் மாண்டார். சிறுவனும் சுரங்கத்தில் உழைத்தான். பிழைப்புக்காக அமெரிக்காவுக்குப் போய்விடத் தாய் எண்ணியிருந்த வேளையில், 1928இல் மான்செஸ்டர் சிட்டி கழகம் அவனை ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொண்டது. 1934இல் அக்கழகம் எஃப். ஏ. கோப்பையை வென்றபோது பஸ்பியும் அணியில் இருந்தார். பின்னர் லிவர்பூலுக்கு ஆடினார்.

1945இல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை மேலாளர் பொறுப்புக்கு அழைத்தது. அதன் ஓல்ட் டிராஃபோர்ட் அரங்கம் 1941இல் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. 1949வரை அயல் கழகத்தின் திடலிலேயே ஆட வேண்டியிருந்தது. மூன்றாண்டு ஒப்பந்தம் தர முன்வந்தவர்களிடம் பஸ்பி ஐந்தாண்டு கேட்டார். அணியைத் தேர்ந்தெடுக்கும் முழு உரிமையையும் கேட்டுப் பெற்றார். மேலாளர்கள் பலர் அலுவலக அறையை விட்டு அகலாத அந்நாளில், அவர் ஆட்டக்காரர்களோடு திடலில் இறங்கிப் பயிற்சி அளித்தார். 1948இல் எஃப். ஏ. கோப்பையும் 1952இல் லீக் பட்டமும் வந்தன.

அதன் பிறகு அவர் செய்ததே அவர் பெயரை நிலைநிறுத்தியது. விலை கொடுத்துப் புகழ்பெற்றவர்களை வாங்குவதைவிட, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைத் தேடிக் கண்டு வளர்ப்பதில் நம்பிக்கை வைத்தார். இளைஞருக்கான எஃப். ஏ. கோப்பையை, அது தொடங்கிய 1953 முதல் 1957வரை ஐந்து முறையும் அப்பிள்ளைகளே வென்றனர். டங்கன் எட்வர்ட்ஸ் பதினாறு வயதில் முதல் அணிக்கு ஆடினார். 1956இலும் 1957இலும் இந்த இளைஞர் அணி லீக் பட்டத்தை வென்றது. 'பஸ்பியின் குழந்தைகள்' என்றே மக்கள் அவர்களை அழைத்தனர். விளையாட்டாகச் சூட்டிய அப்பெயரில் ஓர் உண்மை இருந்தது. தம் மகன்களை அவரிடம் விட்டுச் சென்ற பெற்றோர், அவரை நம்பியே விட்டுச் சென்றனர்.

ஐரோப்பியக் கோப்பைப் போட்டி 1955இல் தொடங்கியது. அவ்வாண்டு செல்சி கழகம் லீக் நிர்வாகத்தின் அறிவுரைக்குப் பணிந்து ஒதுங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு நிர்வாகத்தின் விருப்பத்தை மீறிப் பஸ்பி தம் அணியை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அது துணிவான முடிவு. வருங்காலத்தை முன்னுணர்ந்த முடிவு. பின்னாளில் அவர் நெஞ்சை அறுத்ததும் அதே முடிவுதான்.

1958 பிப்ரவரி 5இல் பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 எனச் சமநிலை கண்டு, அரையிறுதிக்குத் தகுதி பெற்றனர். சனிக்கிழமை லீக் ஆட்டம் இருந்ததால் மறுநாளே தனி விமானத்தில் திரும்பினர். எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய விமானம், இருமுறை மேலெழ முயன்று நிறுத்தப்பட்டது. மூன்றாம் முறை, ஓடுபாதையில் தேங்கியிருந்த பனிச்சேறு வேகத்தைத் தடுக்க, வேலியை முறித்துக்கொண்டு மோதியது. மாண்டோர் மொத்தம் 23 பேர். அவர்களுள் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் போராடி, 21ஆம் வயதில் மருத்துவமனையில் உயிர்நீத்தார். 1934இல் பஸ்பியோடு கோப்பை வென்ற பிராங்க் ஸ்விஃப்ட், செய்தியாளராகப் பயணம் செய்து மாண்டார்.

பஸ்பிக்கு இருமுறை அவஸ்தைப்பூசுதல் வழங்கப்பட்டது. பிழைத்துக்கொண்டார். யார் யார் இறந்தனர் என்பதை நெடுநாள் அவருக்குச் சொல்லவில்லை. இறுதியில் அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, உயிரோடிருப்பவர் பெயருக்கு அவருடைய மனைவி ஜீன் தலையசைத்தார். மாண்டவர் பெயருக்கு இல்லையென்று தலையாட்டினார். இனிக் கால்பந்தே வேண்டாம் என்று அவர் மனம் சோர்ந்தார். ஐரோப்பாவுக்கு அழைத்து வந்தவன் நான். மூன்றாம் முயற்சியை வேண்டாமென்று நான் தடுத்திருக்கலாகாதா? இவ்வெண்ணங்கள் அவரை வாட்டின.

அன்பு வாசகர்களே, இத்தகைய வேதனையைப் பங்குகளில் பணியாற்றும் நாம் அறிவோம். மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்த தந்தை, விபத்துக்குப் பின் அதையே பாவமாக எண்ணிப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறார். சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டும் என்று திருச்சபையின் ஒழுக்கவியல் கற்பிக்கிறது. அவ்வளவில் அவர் குற்றமற்றவர். ஆனால் இலக்கணம் சொல்லி அவரை அனுப்பிவிட்டால் அவர் நெஞ்சு ஆறுவதில்லை. ஏனெனில், அவர் குற்றம் என்று பெயரிடுவது உண்மையில் அன்பின் பொறுப்பு. குற்றத்தை மன்னிப்பு நீக்கும். பொறுப்போ நீங்குவதில்லை, அதைச் சுமக்கத்தான் வேண்டும்.

பழியைத் தேடும் உலகமோ விரைவாகவே ஒருவரைக் கண்டுபிடித்தது. இறக்கையில் பனியை அகற்றவில்லை என்று ஜெர்மன் விசாரணை விமானி ஜேம்ஸ் தெய்னைக் குற்றஞ்சாட்டியது. அவர் வேலையை இழந்தார். ஓடுபாதைப் பனிச்சேறே காரணம் என்று பிரிட்டிஷ் விசாரணை அவரை விடுவித்தது 1969இல்தான். அவரும் சீலோவாம் கோபுரத்தடியில் நின்றவரே.

பஸ்பி மீண்டும் எழுந்தது தம் வலிமையால் மட்டுமன்று. வேல்ஸ் அணியின் பணிக்காகச் சென்றிருந்ததால் அந்த விமானத்தில் ஏறாத துணை மேலாளர் ஜிம்மி மர்பி கழகத்தைத் தாங்கிப் பிடித்தார். விபத்துக்குப் பதின்மூன்றாம் நாள் நடந்த ஆட்டத்தின் நிகழ்ச்சித் தாளில், யுனைடெட் அணியினரின் பெயர்கள் வரவேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. மறுபுறம், பையன்கள் இருந்திருந்தால் அவர் தொடர்வதையே விரும்பியிருப்பார்கள் என்று ஜீன் கணவரிடம் எடுத்துரைத்தார். 71 நாள்களுக்குப் பின் ஊர் திரும்பிய பஸ்பி, வெறுமையான அந்த இடத்தைப் பொறுமையோடு நிரப்பலானார். 1965, 1967 ஆண்டுகளில் லீக் பட்டங்கள் வந்தன. 1968 மே 29இல் வெம்பிளியில் பென்ஃபிகாவைக் கூடுதல் நேரத்தில் 4-1 என வென்று, ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற முதல் இங்கிலாந்துக் கழகமாயிற்று யுனைடெட். மியூனிக்கில் தப்பிய பாபி சார்ல்டனும் பில் ஃபோல்க்ஸும் அவ்வணியில் ஆடினர். ஆட்டம் முடிந்ததும் சார்ல்டனும் பஸ்பியும் கட்டித் தழுவிக்கொண்டனர். அவ்வாண்டே அவர் 'சர்' பட்டம் பெற்றார். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனித கிரகோரியார் விருதால் அவரைச் சிறப்பித்தார்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. 1969இல் பொறுப்பை விட்டபின்னும் கழகத்திலேயே இருந்தார். அடுத்து வந்த மேலாளர்கள்மேல் அவர் நிழல் கனமாகவே விழுந்தது. 1974இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மியூனிக்கில் காயமுற்று மீண்டும் ஆட முடியாமற்போனவர்களும் இருந்தனர். தப்பியோருக்கும் மாண்டோர் குடும்பங்களுக்கும் உதவக் கழகம் சிறப்பு ஆட்டம் நடத்தியது 1998இல்தான். வெற்றியின் ஒளியில் எஞ்சியவர்கள் எளிதில் மறக்கப்படுகிறார்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1994 ஜனவரி 20இல், தம் 84ஆம் வயதில் பஸ்பி காலமானார். 1968இன் கோப்பை எட்டு இளைஞருள் ஒருவரையும் திருப்பித் தரவில்லை. அவரும் அப்படி எண்ணியதில்லை. உயிர்த்த ஆண்டவரின் திருமேனியில் காயங்கள் மறையவில்லை என்று நற்செய்தி கூறுகிறது. தோமா ஆண்டவரை அறிந்துகொண்டதும் அக்காயங்களாலேயே. நம் பங்கில், நம் தெருவில், தம்மையே குற்றஞ்சாட்டிக்கொண்டு வாழும் தந்தையோ தாயோ இருக்கக்கூடும். 'மறந்துவிடுங்கள்' என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம். ஜீன் செய்ததுபோல் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் பொறுமையோடு கேட்போம்.