எழுதாத இரண்டு மணித்தியாலம்

லண்டனில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் கிழமை, ஒரு மணித்தியாலத்தைப் பத்தாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். இங்கே பல சட்ட அலுவலகங்களில் 6 நிமிடம் ஒரு 'யூனிட்'. யாருடைய கோப்புக்கு எத்தனை யூனிட் போனது என்று தினமும் பதிய வேண்டும். பதிந்தும் இன்னும் பில் அனுப்பாத வேலையை 'விப்' என்பார்கள்.

அந்தப் பதிவில் நான் பொய் எழுதினேன். ஒரு கடையின் குத்தகைப் பத்திரத்தை வாசித்துக் குறிப்பெழுத 5 மணித்தியாலம் பிடித்தது. 3 என்று போட்டேன். மந்தமானவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம்தான். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் எடுத்த பிரதிகளின் கட்டணத்தையும் கோப்பில் ஏற்றவில்லை. சின்னக் காசுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சின்னக் காசுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. எந்தக் கோப்புக்கு என்று கணக்குப் பிரிவில் யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது, மறைத்த 2 மணித்தியாலத்தையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஏசவில்லை. "அடுத்த முறை இதே வேலைக்கு என்ன விலை சொல்வோம்?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதிய 3 மணித்தியாலத்தை வைத்துத்தான் சொல்வார்கள். அந்த வேலையைச் செய்ய வருகிறவரும் 2 மணித்தியாலத்தை மறைக்க வேண்டிவரும். "பில்லில் குறைப்பதா இல்லையா என்று நான் முடிவெடுக்கிறேன். உள்ளதை எழுதுவது உன் வேலை" என்றார். இன்னொன்றும் சொன்னார்: சம்பளம் மாதம் தவறாமல் போகிறது, ஆனால் பில் போனால்தான் காசு வரும். பில் பிந்தினால் வாடிக்கையாளருக்கு வேலை மறந்துபோகும், தொகை மட்டும் பெரிதாகத் தெரியும்.

இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பஸ்ஸில போற நேரத்தை நானும் ஒருநாளும் எழுதேல்லை, பிள்ளை. கேட்டா வேலையால நிப்பாட்டிப் போடுவினமோ எண்டு பயம்" என்றார்.

வேலை நேரத்துக்குள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேர வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அடுத்தவர்களின் பத்திரங்களை வாசிக்கும் நான், அம்மாவின் சம்பளத் துண்டை அதுவரை வாசித்ததில்லை.

இப்போது அம்மாவின் கைப்பையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. பஸ் ஏறிய நேரம், இறங்கிய நேரம். அந்தக் காசை இன்னும் கேட்கவில்லை. கேட்கும் நாளில் காட்ட ஏதோ இருக்கும்.

முதல் வேலைக்குப் போகிற தம்பி, தங்கைகளே, நேரத்தைக் குறைத்து எழுதுவது அடக்கம் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.