புண் ஆற முட்டையும் வேண்டும்

ரியாத்தின் பத்தா பகுதியில் காயத்துக்குக் களிம்பு வாங்கிச் செல்லும் நம் தொழிலாளர்கள், அறைக்குப் போனதும் 'சீழ் வைக்கும்' என்று முட்டையையும் மீனையும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கு இது வீண் பயம். புதுத் திசு வளரப் புரதம் வேண்டும். அதைப் பிணைக்கும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன் 1939இல் தொடங்கி, வைட்டமின் சி இல்லாத உணவை மட்டுமே உண்டு, தன் முதுகில் கீறல் போடச் செய்து சோதித்தார். மூன்றாம் மாதக் காயம் ஆறியது, ஆறாம் மாதக் காயம் ஆறவில்லை. வைட்டமின் சி ஏற்றிய பிறகே ஆறியது. சர்க்கரை நோயாளிக்கு உணவு மட்டும் போதுமா என்றால், போதாது. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் குபூஸ் ரொட்டியும் டீயுமாகப் பத்தியம் இருப்பது புண்ணுக்கும் சர்க்கரைக்கும் கேடு. செலவா? முட்டை, பருப்பு, எலுமிச்சை போதும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள், தோழர்களே.